அப்பா எனக்குப் போட்ட ஒன்று

சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில், எங்கள் வீட்டில் எது கெட்டாலும் "கொம்பி பிழைச்சுது" என்றுதான் சொல்வோம். சோறு குழைந்தாலும் அதுதான், ரயில் தவறினாலும் அதுதான். வார்த்தை அப்பாவுடையது. பொதிகள் அனுப்பும் கிடங்கில் வேலை செய்த அப்பா, சனிக்கிழமைகளில் நிலையத்துக் கியோஸ்க்கில் கால்பந்து ஆட்டங்களுக்குக் கூட்டுப் பந்தயம் போடுவார். அதற்குத்தான் கொம்பி என்று பெயர். போட்டது சில்லறைக் காசு. ஆனால் அதற்காக அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதைப் பார்த்தால், ஏதோ நாட்டின் வரவு செலவுத் திட்டம் போடுகிறார் என்று நினைப்பீர்கள்.

கணக்கை எனக்கு விளங்கப்படுத்தியவரும் அவர்தான். மூன்று ஆட்டங்களைத் தெரிவு செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். அவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு, மூன்று என்றால் ஒன்பது. மூன்றும் சரிவந்தால் போட்ட காசு ஒன்பது மடங்காகத் திரும்பும். ஒன்று பிழைத்தாலும் முழுவதும் போச்சு. அப்பாவுக்கு எப்போதும் கடைசி ஆட்டம்தான் பிழைக்கும். பத்து வயதில் தசம எண்களை மனதில் பெருக்கிச் சொல்ல வகுப்பிலேயே நான் ஒருத்திதான் இருந்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு ஊர்க் கழகத்தின் சிறுமிகள் அணியில் கோல் காக்கும் ஆசை பிடித்துவிட்டது. ஆசை என்றால் சாதாரண ஆசையில்லை, சாப்பாடு இறங்காத ஆசை. ஐரோப்பா முழுக்க உள்ள கால்பந்தாட்டக்காரர்களின் முழங்கால் நிலவரம் அறிந்த அப்பாவோ, தன் மகளின் முழங்காலை மட்டும் தரமாட்டேன் என்றார். அம்மா என்னை நடன வகுப்பில் சேர்க்க ஆயத்தமாக இருந்தார்.

இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, விடுமுறைக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் கதையைத் தொடக்கினார்.

"அத்தான், கண்டறியாத ஆக்களுக்கெல்லாம் கொம்பி போடுறியள். பிள்ளைக்கும் ஒண்டு போடுங்கோவன்."

அப்பாவுக்கு அந்தப் பகிடி பிடித்துக்கொண்டது. மூன்று காரியங்கள் முடிவாயின. பள்ளிக்கூடக் கணக்குச் சோதனையில் ஐந்துக்குக் குறையக் கூடாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்வதெழுதலில் தொண்ணூறு வேண்டும். அன்று பின்னேரமே கழகம் எனக்குத் தந்திருந்த பரீட்சார்த்த ஆட்டத்தில் ஒரு கோலும் விடக் கூடாது. மூன்றும் சரிவந்தால் கழகம். ஒன்று பிழைத்தால் நடனம், பிறகு பந்துக் கதையே எடுக்கக் கூடாது.

பந்தயம் என்றால் எண் வேண்டுமே என்று மாமா கேட்க, அப்பா கணக்குக்கு ஒன்றரை, தமிழுக்கு இரண்டு, கோலுக்கு ஆறு என்றார். எனக்கு அவை பள்ளிக்கூடப் புள்ளிகளாகவே பட்டன. சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஆறுதான் உச்சப் புள்ளி. ஒன்று என்றால் வெறுந்தாளைக் கொடுத்ததற்குச் சமம். கணக்கில் புலியான எனக்கு ஒன்றரைதானா என்று கோபம் வந்தாலும், கோலுக்கு ஆறு கிடைத்ததில் நெஞ்சு நிறைந்துவிட்டது. பந்தயத்தில் பெரிய எண் என்றால் நடக்கிற காரியமில்லை என்று பொருள் என்பது எனக்குத் தெரியாது.

கணக்கில் ஐந்தரை எடுத்தேன். சொல்வதெழுதலில் ஒரு ழகரம்கூடத் தப்பவில்லை, தொண்ணூற்றாறு. தமிழ்ப் பள்ளியை விட்டு வெளியே வந்தால் பனி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர, பயிற்றுநர் அம்மாவின் கைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மைதானம் மூடியாகிவிட்டது, ஆட்டம் இல்லை, இனி வசந்தத்தில்தான்.

"கொம்பி பிழைச்சுது," என்றார் அம்மா. நடன ஆசிரியைக்குச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டார். நான் கையுறையைக் கழற்றாமல் சோபாவில் இருந்தேன்.

அப்பா யன்னலடிக்குப் போய், கொட்டுகிற பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பிழைக்கேல்லை," என்றார் பிறகு. "நடக்காத ஆட்டத்தைத் தோல்வியெண்டு எடுக்கேலாது. அதுக்கு ஒண்டு போடுறதுதான் முறை. மிச்சம் ரெண்டும் நிக்குது. பிள்ளை வெண்டிட்டாள்."

என் காதில் விழுந்தது ஒண்டு மட்டும்தான். ஆறிலிருந்து ஒன்று. ஆடாத ஆட்டத்துக்கு வெறுந்தாள் புள்ளி. விம்மி விம்மி அழுதேன். அப்பா என் தலையைத் தடவி, "சந்தோசத்திலை அழுறாள்," என்று மாமாவிடம் சொன்னார். எனக்கிருந்த ரோஷத்தில் நான் அதைத் திருத்தவில்லை.

அப்பா பயிற்றுநரோடு கதைத்து என்னைச் சேர்த்துவிட, செவ்வாய்க்கிழமையே உள்ளரங்கில் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒன்று எடுத்தவளைப் பாவம் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் வந்த பந்துக்கெல்லாம் பாய்ந்தேன். எட்டு வருடம் அந்தக் கழகத்தின் கோலை நான்தான் காத்தேன். நன்றாகவே காத்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெருக்கலில் ஒன்று எதையும் குறைக்காது என்பது பள்ளிக்கூடம் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு ஒன்று என்ற விதி அந்த அறையில் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். மாமாவுக்கும் தெரியாது. அப்பா பேசாமல் இருந்திருந்தால் அவர் வென்றிருப்பார், என் முழங்காலும் பத்திரமாக இருந்திருக்கும். இன்றைக்கு அவரை நினைத்தால் எனக்கு அப்படியொரு பெருமை வருகிறது. அன்றைக்கோ எனக்குப் புள்ளி குறைத்த மனிதர் என்று, ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.