காவல்காரன் குரல்

இசக்கிபாண்டி என்னோடு வல்லம் வடகால் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்ப்பவன். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருக்கிறான். ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுவான். பத்து ஊரில் இருக்கிற பத்துப் பேர் ஒரே விளையாட்டுக்குள் சேர்ந்து ஆட ஒரு சர்வர் வேண்டுமாம். அதற்கான புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்றிக்கொள் என்று சும்மா கொடுத்துவிட்டான். சரியான பைத்தியம் என்று நினைத்தேன்.

அதில் கோட்டை வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான். உள்ளே வருகிறவர்களிடம் "வா மக்கா, சாப்ட்டியா?" என்பான். அது மாசானம் பேசிப் பதிந்து கொடுத்த குரல். இசக்கியின் ஊர்க்காரன், அறைக்கூட்டாளி. ஒரகடம் ரோட்டில் லாரியில் அடிபட்டு மாசானம் போய்ச் சேர்ந்த பிறகும் காவல்காரன் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

தென்காசிப் பக்கத்து ஊரில், பக்கத்து வீட்டு வேல்ராஜ் அந்த விளையாட்டை ஆட, மாசானத்தின் அம்மா சொர்ணம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாளாம். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் மாசானத்தின் தங்கை பாண்டிச்செல்வி, நேரில் வந்து அந்தக் குரலை எடுத்துவிடச் சொன்னாள். இனி உன் அம்மா காதில் அது விழாது என்று இசக்கி வாக்குக் கொடுத்தான். அன்றைக்கே எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பைப் போட்டான். எடுக்கும்போது அழுதான், பாவம்.

அப்புறம்தான் வந்தான் ஒரு மகராசன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. இசக்கியின் பழைய பதிப்பை எடுத்துக் கண்டதையும் சேர்த்து, ஒரே கிளிக்கில் ஓடும் ரெடிமேட் பேக் என்று நெட்டில் விட்டுவிட்டான். நோகாமல் கிடைத்தால் விடுவார்களா நம் ஆட்கள்? அது பாதியில் நின்றாலும், ஆடிச் சேர்த்தது அழிந்தாலும் திட்டு மட்டும் இசக்கிக்கு வரும். உள்ளே அவன் பெயர்தானே இருக்கிறது!

நானே ஒருநாள் கேட்டேன்.

"ஃப்ரீயாத்தானே குட்த்த? இப்ப இன்னாத்துக்குப்பா கோவம்?"

"எடுத்ததுக்குக் கோவமில்ல சுபாஷு. நான் திருத்துனது ஒண்ணும் அங்க போய்ச் சேராது. பழசெல்லாம் எம்பேர்ல இன்னும் அலையுது."

எனக்கு அப்போது புரியவில்லை. போன வாரம் நாங்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாண்டிச்செல்வி இசக்கிக்குப் போன் செய்தாள். வேல்ராஜ் அந்தப் பேக்கை இறக்கியிருக்கிறான். பேக் போட்ட புண்ணியவான் அதிலிருந்த மாசானத்தின் குரலை வெட்டியிருக்கிறான். மக்காவும் இல்லை, சாப்ட்டியாவும் இல்லை. வெறும் 'வா' மட்டும், விடாமல் திரும்பத் திரும்ப அம்மா காதில் விழுந்திருக்கிறது.

"எடுத்துட்டேன்னு சொன்னியளே அண்ணே" என்றாள்.

இசக்கி பதிப்பு, பேக் என்று என்னவோ விளக்கப் பார்த்தான். உடனே வேல்ராஜைக் கூப்பிட்டான். உங்கள் பேர் போட்டிருந்தது, உங்களுடையது என்றுதான் நினைத்தேன் என்று சொல்லி, அவன் அப்போதே அதை அழித்துவிட்டான். அப்பாடா என்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் பாண்டிச்செல்வி ஊருக்குப் போய்ச் சேர்ந்து போனில் பேசினாள். அம்மா சலவைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம், எழுந்து உள்ளே வரவே மாட்டேன் என்கிறாளாம்.

"சத்தம் நின்னுட்டும்மான்னு சொன்னேண்ணே. 'நான் கெளம்பிட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சுட்டு, அதான் கூப்பிடுதத நிறுத்திட்டான்'ங்கா."