குழாயடியில் பிடித்த கை

என் வலக்கையால் இவ்வரிகளை எழுத இயல்வது என் அத்தையின் முரட்டுத்தனத்தால்தான்.

எழுபதுகளில் நெல்லித்தோப்பில் எங்களோடு வாழ்ந்த அவர், தேங்காயெண்ணெயோடு காஸ்டிக் சோடா எனப்படும் எரிகாரத்தைக் கலந்து வீட்டிலேயே துணிசோப்புச் செய்வார். எரிகாரத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுவார். ஒருபோதும் அதன்மேல் நீரூற்றமாட்டார். அவ்வேளையில் பிள்ளைகள் தெருவில் இருக்கவேண்டும் என்பது சட்டம். இத்துணை எச்சரிக்கையுடையவர் ஒருநாள் காலை, மிஞ்சிய கரைசலை ஒயின் புட்டியொன்றில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மாதா கோயில் தீர்த்தமும் எங்கள் வீட்டில் அத்தகைய புட்டியில்தான் இருந்தது.

தம்பிக்குக் காய்ச்சல். ஒன்பது வயதுப் பக்தையாகிய நான், அவன் நெற்றியில் சிலுவையிட எண்ணி, புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்தேன். முதலில் வழவழப்பு; மறுகணமே நெருப்பு. என் அலறலுக்கு ஓடிவந்த அத்தை புட்டியைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: “தம்பி மேல பட்டுதாடி?”

இல்லையெனத் தலையசைத்தேன். என்னைத் தெருக்குழாய்க்கு இழுத்தோடினார். நாளுக்கு ஒருமணி நேரமே நீர் வரும் குழாய் அது. வரிசையில் முன்னால் நின்றவளின் நிரம்பிக்கொண்டிருந்த குடத்தைத் தள்ளிவிட்டு என் கையைக் குழாயடியில் அழுத்தினார்.

“என்னாக்கா, வரிசைலாம் எங்களுக்குத்தானா? ஒனக்குன்னா தனிக் கொழாயா?”

“புள்ள கைல காஸ்டிக் பட்டுடுச்சுடி. நவுரு!”

“ஐயோ, எலுமிச்சம்பழம் புழிஞ்சு வுடுக்கா.”

“ஒண்ணும் வேணாம். தண்ணி மட்டுந்தான்.”

எரிச்சல் தணிந்ததும் நான் நெளிந்தேன். “போதும் அத்தை, நின்னுடுச்சு.”

“கைய எடுத்துப் பாரு, மீதித் தோல நான் உரிக்கறேன்.”

எரிச்சல் நின்றாலும் எரிகாரம் தோலை அரித்துக்கொண்டிருக்கும் என அறியாத நான், அவர் கண்ணீர் வழியச் சொன்ன அம்மிரட்டலைத் தண்டனையென்றே கொண்டேன். குழாய் ஓயும்வரை அவர் பிடி தளரவில்லை. வீடு திரும்பியதும் என் அன்னையிடம், “எம் மேலதான் அண்ணி தப்பு. அவள வையாத,” என்றார். புட்டியில் அடைக்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது. என் கையில் எஞ்சியது மிளகளவு வடு.

அன்று வார்த்த சோப்புக்கட்டிகள் காரம் தணிய ஒரு மாதம் உலர்ந்தன. பிறகு அவற்றைக் கூடையிலிட்டு, அத்தெருப் பெண்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தார் அத்தை. எங்களுக்கு ஒன்றுகூட வைக்காமல் ஊரார்க்கு வாரி வழங்குகிறாரே என்று நான் இருநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

குழாயடியில் அன்று காலை என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையிலிருந்த குடங்களெல்லாம் முணுமுணுப்பின்றி வெறுமையாகவே வீடு திரும்பியதை நான் காணவில்லை.