செஸ்டர்ஃபீல்டின் நுனியில் உட்கார்ந்தவர்

1. லஞ்சுக்கு முன்னால்

காலையிலிருந்து ஒரே ஷாட். வசனம் சரியாகத்தான் வந்தது. அருள்தாஸ் உட்கார்ந்த விதம்தான் சரியில்லை.

சினிமாவுக்கும் சீரியலுக்கும் ஃபர்னிச்சர் வாடகைக்கு விடுவது என் தொழில். ஆர்ட் டிபார்ட்மெண்டில் உதவியாளராக மதுரையிலிருந்து ஹைதராபாத் வந்தவள், குஷாய்குடாவில் ஒரு குடோன் பிடித்து இங்கேயே தங்கிவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், எந்தச் சோபாவை எங்கே போடுவது என்று மட்டும் கேட்கிறார்கள். அதில் யார் உட்காரப் போகிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அருள்தாஸ் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸில் இருக்கும்போதே லீவு நாட்களில் ஜூனியர் ஆர்டிஸ்டாக வருவார். வாட்ச்மேன், டிரைவர், ட்ரே ஏந்தும் வேலைக்காரர் என்று எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேஷங்கள். என் செஸ்டர்ஃபீல்டு சோபாவுக்குப் பின்னால் அவர் நிற்காத வருஷமே கிடையாது. அன்று எடுத்துக்கொண்டிருந்த சீரியலில்தான் முதல் தடவையாகப் பெயரும் வசனமும் உள்ள வேஷம் கிடைத்தது. ஹீரோயினுடைய அப்பா, பெரிய மில் முதலாளி. அருள்தாஸின் மனைவி தங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மனுஷன் சோபாவின் நுனியில், முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார். தாராளமாக உட்காருங்கள் என்று டைரக்டர் பல தடவை சொல்லிப் பார்த்தார். "சரி சார்" என்று பின்னால் நகர்வார். ஆக்‌ஷன் என்றதும் மறுபடி நுனிக்கு வந்துவிடுவார்.

டைரக்டர் தெலுங்குக்காரர். சென்னையில் வேலை பார்த்தவர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லஞ்சுக்குள்ள வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன் மேடம். இவர் பழையபடி ட்ரே பிடிக்கட்டும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

2. எதற்கு இந்தச் சோபா

பணக்கார வீடு என்றால் ஏன் எல்லாரும் செஸ்டர்ஃபீல்டையே கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் ஒரு பிரபு, கோட்டு கசங்காமல் நிமிர்ந்து உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று செய்யச் சொன்னாராம். அதில் எவ்வளவு உண்மையோ, எனக்குத் தெரியாது. வெள்ளைக்கார அதிகாரிகளோடு அது செகந்திராபாத் பக்கம் வந்தது. இங்கே உள்ள ஆசாரிகள் அதைப் பார்த்து தேக்கில் ஃபிரேம் போட்டு, உள்ளே ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் வைத்துச் செய்தார்கள். என்னிடம் இருப்பது அந்த ரகம். தோல் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, ஃபிரேம் இன்னும் அசையவில்லை.

இதில் சாயும் பக்கமும் கைப்பக்கமும் ஒரே உயரம். மேல் விளிம்பு வெளியே சுருண்டிருக்கும். முதுகு தாழ்வு என்பதால் கேமராவைப் பின்னால் வைத்தாலும் உட்கார்ந்தவர் தலை மறையாது. பட்டன் அழுத்திய குழிகளில் வெளிச்சமும் நிழலும் தங்கும். வெறும் சுவருக்கு முன்னால் போட்டாலும் வசதியான வீடு மாதிரித் தெரியும். எல்லாவற்றையும்விட, கையை இரண்டு பக்கமும் நீட்டிப் போட்டால் உட்கார்ந்தவர் அந்த அறைக்கே சொந்தக்காரர் ஆகிவிடுவார். நுனியில் உட்கார்ந்தால் இதில் ஒன்றும் கிடைக்காது.

3. இரண்டு கட்டை

நான் அருள்தாஸிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் விறைத்துப் போவார். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், லைட்மேனை விட்டு சோபாவின் முன்கால் இரண்டுக்கும் கீழே ஒரு இஞ்ச் கட்டை வைத்தேன். இடுப்புக்கு மேலேதான் ஷாட், கால் ஃபிரேமில் வராது.

அருள்தாஸ் வந்து வழக்கம்போல நுனியில் உட்கார்ந்தார். மெல்லப் பின்னால் வழுக்கினார். முன்னால் வந்தார், மறுபடி வழுக்கினார்.

"என்னம்மா இது, உள்ள இழுக்குது?"

"பழைய ஸ்பிரிங் சார், அப்படித்தான். அதோட மல்லுக்கட்டாதீங்க."

முதுகு தோலில் பட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு ஒரு கை தானாகவே மேல் விளிம்பில் போய்ப் படுத்தது. முகமே மாறிவிட்டது. டைரக்டர் மானிட்டரிலிருந்து நிமிரவில்லை, "ரோல்" என்று மட்டும் சொன்னார். அந்த டேக் ஓகே. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

4. எழுந்திருக்கும் ஷாட்

சீரியலின் கடைசி வாரம் மில் மூழ்கிவிடுகிறது, வீடு ஏலத்துக்கு வருகிறது. பேங்க் ஆட்கள் உள்ளே வந்ததும் முதலாளி பதறி எழுந்திருக்க வேண்டும். அன்று தரையோடு கேமரா வைத்தார்கள். சோபாவின் கால் தெரியும், அதுவரை தினமும் வைத்த கட்டையை வைக்க வழியில்லை. மறுபடி நுனிக்கு வந்துவிடுவாரோ என்று மானிட்டர் பக்கத்திலேயே நின்றேன்.

அருள்தாஸ் வந்தார். நேராகப் பின்னால் சாய்ந்தார், இரண்டு கையையும் விரித்துப் போட்டார். கட்டை இல்லாதது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

பேங்க் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவர் எழவில்லை. விளிம்பில் கிடந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பட்டன்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். அதற்கு அப்புறம்தான், கனமான எதையோ தூக்குகிறவர் மாதிரி, எழுந்தார். எழுந்ததும் அந்தப் பழைய டிரைவராக, வாட்ச்மேனாக, கையைக் கட்டி நின்றார்.

கட் சொன்ன பிறகு டைரக்டர் பக்கத்தில் வந்தார். "பேங்க்காரன் வந்ததும் எந்திரிக்கணும்னுதானே சொன்னேன், ஏன் சார் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

அருள்தாஸ் சோபாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்பதானே சார் உக்காந்தேன்."

டைரக்டர் இரண்டாவது டேக் கேட்கவில்லை. நானும் அன்றிலிருந்து, லைட் போடுவதற்கு முன்னாலேயே நடிக்கிறவரைக் கூப்பிட்டு, அந்தச் சோபாவில் அவருக்குப் போதும் என்கிறவரை உட்கார வைத்துவிடுகிறேன்.