ஏரியில் இறங்கிய இரண்டு சீட்டு விமானம்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்காக, பழைய இரண்டு சீட்டு விமானம் ஒன்றை நானே வடிவமைத்திருக்கிறேன். இன்று திண்டிவனம் வீட்டில் அதன் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டதும், எனக்குப் பழைய ஆத்திரம் பொங்கியது.

நான் ஆறாவது படிக்கும்போது இதே மாதிரி விமானம் பழுதாகி, பனமலைப் பக்கம் எங்கள் ஊரின் வறண்ட ஏரியில் இறங்கியது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி அதைப் பார்க்க ஓடினார்கள். பைலட் பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே உட்காரவைத்தார். என் முறை வந்தபோது அப்பா தம்பியைத் தூக்கி வைத்தார்.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? தம்பி செருப்பப் புடிச்சிக்கினு அங்கியே நில்லு."

நின்றேன். பெட்ரோல் வாடையில், வெயிலில் கொதித்த கதவின் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். என் கம்ப்யூட்டர் விமானத்தில் ஓர் ஆணிகூடத் தப்பவில்லை. உள்ளே எப்படியிருந்தது என்று தம்பியிடம் கேட்டதற்கு, "ஞாபகமில்லக்கா" என்றான்.

இப்போது எஞ்சின் சத்தம் கேட்டு அப்பாவும் தம்பியும் என் அறைக்குள் வந்தார்கள்.

"எழுந்திரும்மா, தம்பி மொதல்ல ஓட்டிப் பாக்கட்டும்" என்றார் அப்பா.

நான் எழுந்திருக்கவில்லை. காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினேன்.

"புடிச்சிக்கினு அங்கியே நில்லுடா."