மடியில் காட்டிய சாடை

பையக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீட்டு முன்னறையில் மோட்டார் தையல் மெஷினைப் போட்டு, கடைகளுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பவள். கல்யாணப் பேச்சைத் தானே நிறுத்திவிட்டுத் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். தம்பிக்கு மகன் பிறந்து, தம்பி மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பியதும், பிள்ளை பையக்காவின் பொறுப்பாகிவிட்டான்.

மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கூட அதிரும். அதன் ஓரத்தில், துணி மூட்டையின் மேல், பிள்ளை அசையாமல் தூங்குவான். பை வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "துரை இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்பார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"என் வளர்ப்பு அப்படி," என்பாள் பையக்கா. "மெஷின் சத்தம்தான் அவனுக்குத் தாலாட்டு."

பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் துரையின் காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்த்த நர்ஸ், இரண்டு காதிலும் பதில் வரவில்லை என்றார். உள்ளே ஈரம் இருக்கலாம், எதற்கும் ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். பையக்கா பிடித்துக்கொண்டது ஈரத்தை மட்டும்தான். "ஈரம்னா தானாக் காஞ்சிடும்," என்றாள். ஒரு மாதம் ஆனபோது பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அடுத்த மாதம் துரைக்குச் சளி. அதன்பின் தம்பி மனைவி பேச்சை எடுத்தபோதெல்லாம் ஏதாவது சொல்லி மடக்கிவிட்டாள்.

ஆனால் உள்ளுக்குள் உறுத்த ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் துரை திரும்பமாட்டான். முன்னால் போய் நின்றால் முகமெல்லாம் சிரிப்பு. அதனால் அவள் எப்போதும் முன்னால் போய் நின்றாள். வேறு யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், அவன் தோளை மெல்லத் தொடுவாள். அவன் திரும்புவான். கூப்பிட்டவர்களுக்குச் சந்தோஷம்.

துரைக்கு எட்டு மாதம் ஆனபோது தம்பி மனைவி லீவு போட்டாள். "அண்ணி, நீங்க வந்தாலும் வராட்டியும் இன்னிக்கு இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்."

"நான் வராம யார் மடியில உக்காருவான்? உன்னைப் பார்த்தா வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரில்ல முழிக்கிறான்."

சொன்ன பிறகு பையக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சோதனை அறையின் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். இரு பக்கமும் ஸ்பீக்கர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கறுப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் குரங்கு. சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்பினால் அந்தப் பக்கப் பெட்டியில் விளக்கு எரியும், குரங்கு ஜால்ரா தட்டும். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்றதால் பையக்கா போனாள். சோதிக்கிற பெண் அவளுக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"இதுல பாட்டு ஓடும்மா. நாங்க குடுக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாது. கேட்டா உங்களை அறியாம அசைவீங்க, பையன் அதை வச்சே திரும்பிடுவான்."

அந்தப் பெண் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனதும், பையக்கா முடியைச் சரிசெய்வதுபோல ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள். வலப்பக்கம் சத்தம் வந்தது. துரை தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வலது தொடையைத் துளி உயர்த்தினாள். துரை திரும்பினான், குரங்கு ஜால்ரா தட்டியது. அடுத்து இடது. சத்தம் குறையக் குறைய அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் அழகாத் திரும்புறானே," என்றாள் அந்தப் பெண், வெளியே வந்து. "ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துக்கலாம். நல்லவேளைம்மா. இந்த வயசுல கேக்கலைன்னா ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. பேச்சு உள்ள போறதே இப்பதான்."

தம்பி மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். படியிறங்கும்போதே கணவனுக்குப் போன் போட்டாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், பள்ளிக்கூடத்துல போட்ட கணக்கைத் தவிர," என்று அவன் சிரித்தது பையக்காவுக்கும் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவத்துல உங்களை என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க அண்ணி."

திட்டியிருந்தால் பையக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"அவன் திரும்பல," என்றாள்.

"என்ன அண்ணி?"

"அவனாத் திரும்பவே இல்ல. நான்தான் தொடையால சாடை காட்டினேன். ஒவ்வொரு தடவையும்."

தம்பி மனைவி முதலில் சிரிக்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"கேக்கலைன்னு ஆயிட்டா அது என்னாலதான்னு ஆயிடுமே. மெஷின்கிட்ட போட்டது நான். கூட்டிட்டுப் போகாம இழுத்தடிச்சது நான்."

தம்பி மனைவி பையக்காவின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள்.

இந்த முறை துரை அம்மாவின் மடியில் இருந்தான். பையக்கா கண்ணாடித் தடுப்புக்கு இப்பால், சோதிக்கிற பெண்ணின் பின்னால் நின்றாள். அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். துரை அம்மாவின் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தான். பெட்டிகள் இரண்டும் இருட்டாகவே இருந்தன. நின்ற இடத்திலேயே பையக்காவின் வலது குதிகால் தானாக உயர்ந்தது.

தலையில் வயர் ஒட்டி, தூக்கத்தில் செய்யும் சோதனைக்கு மறுநாளே வரச் சொன்னார்கள். அது முடிந்ததும் காதுக்கு மெஷின், கூடவே பேச்சுப் பயிற்சி.

"தையல் மெஷின் சத்தத்துலதான் இப்படி ஆச்சா?" பையக்கா கேட்டாள்.

"பிறந்த மறுநாளே பதில் வரலையேம்மா. அப்ப உங்க மெஷின் எங்க இருந்துச்சு?" என்றாள் அந்தப் பெண். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா வீணாப்போன மாசங்க போனதுதான். முதல்லயே வந்திருந்தா இந்நேரம் காது மெஷின் மாட்டியிருப்போம்," என்றாள். "பகல்ல இவன் யாரோட இருக்கான்? பயிற்சிக்கு அவங்கதான் வரணும்."

பையக்கா தம்பி மனைவியைப் பார்த்தாள். தம்பி மனைவி மகனின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணியோடதான்," என்றாள் கடைசியில். பையக்காவின் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தாள். "அவங்க வருவாங்க. ஆனா அண்ணி, இவன் என்ன செஞ்சான், என்ன செய்யலைன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும். இனிமே எனக்காக எதையும் நல்லதாக்கிச் சொல்லாதீங்க."

"சரிம்மா."

தம்பி மனைவியின் கைப்பையில் போன் அடித்தது. தம்பிதான். அவள் திரையைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். பையக்கா கையை நீட்டினாள்.

"இங்க குடு. நான் சொல்றேன்."

தம்பியின் குரல் இன்னும் சிரிப்போடுதான் இருந்தது. அவன் பேசி முடிக்கும்வரை பையக்கா காத்திருந்தாள்.

"தம்பி, எங்கயாவது ஒரு ஓரமா உக்காரு," என்றாள். "அக்கா ஒரு தப்புப் பண்ணிட்டேன்."