புளிக்காத வெள்ளை வைன்

எவரும் உரிமை கோராத மதுப் போத்தல்களின் மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை முத்திரையை உடைக்கக் கூடாது. திருகோணமலைத் துறைமுகத்தில் எங்கள் சுங்க அலுவலகத்தின் விதி இது. நான் ஓய்வுபெறும்வரை அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறதாம். அதன்மேல் தேநீர்க் கோப்பை வைக்கிறார்களாம்.

நான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த அடுத்த வருடம், கிட்டங்கியில் கிடந்த வைன் பெட்டிகளை ஏலத்தில் விட அவசரம் வந்தது. மாதிரிகள் கொழும்புக்குப் போயிருந்தன, பதில் இல்லை. அத்தியட்சகர் ஒரு குழு அமைத்தார். சிவப்பையும் வெள்ளையையும் சுவைத்துப் புள்ளி போட்டால் தரம் பிரிக்கலாம், தரம் பிரித்தால் விலை குறிக்கலாம். குழுத் தலைவர் பிரதம இலிகிதர். தம்பலகாமத்துக்காரர், கோயில் சபையில் இருந்தவர், ஒரு சொட்டும் தொடாதவர். அதுவே தகுதியாயிற்று. குடிக்கிறவர்களுக்குப் பக்கச்சார்பு இருக்கும் என்று அத்தியட்சகர் குறிப்பு எழுதினார். எழுத்தில் பார்த்தால் அதில் பிழை பிடிக்க முடியாது.

அன்று நடந்ததைக் குழுவில் இருந்த கிட்டங்கிப் பொறுப்பாளர் பிறகு எனக்குச் சொன்னார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். ஆனால் எதிரே கதிரையில் அத்தியட்சகர் இருந்தார். மேலதிகாரிக்கு முன்னால் துப்பும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் இல்லை. பொறுப்பாளர் உதட்டை மட்டும் நனைத்தார். இலிகிதர் எல்லாவற்றையும் மருந்துபோல விழுங்கினார்.

"சிவப்பெல்லாம் நாவற்பழத்தை வினாகிரியில ஊறப்போட்ட மாதிரி இருக்கு, சேர்."

"அப்ப வெள்ளை?"

"அதுவும் புளிதான். இந்தக் கடைசிப் போத்தல் மட்டும் புளிக்கேல்லை. இனிப்பாக் கிடக்கு."

"ஐயா, பார்த்துக் குடியுங்கோ. நாளைக்குக் கோயிலுக்குள்ள விடமாட்டினம்" என்றார் பொறுப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

முழுப் புள்ளி போடுவதென்றால் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்றார் அத்தியட்சகர். இலிகிதர் ஒரு கிளாஸ் முழுவதும் குடித்து உறுதிசெய்தார்.

மறுநாள் இலிகிதரைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது யன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணை, லைற்றைப் போடச் சொல்லுங்கோ. ஒரே புகாராக் கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை."

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இலிகிதர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"குடிச்சுத்தான் இப்பிடி ஆனவன் எண்டு ஊரில கதைப்பினம். கடமையிலதான் குடிச்சனான் எண்டு நீங்கள் எழுதிக் குடுக்கவேணும். உங்களுக்குத்தான் அந்த முறையெல்லாம் தெரியும்."

"ஓம், எழுதுறன்."

அடுத்த நாள் இறந்துபோனார்.

அளவுக்கு மீறி மது அருந்தியதால் மரணம் என்று அலுவலகக் கோப்பில் பதிந்தார்கள். சபையில் ஒருவர் செத்தால் கோயிலிலிருந்து பந்தலும் கதிரைகளும் வரும், அவருக்கு வரவில்லை. நான் முறைப்படி மேன்முறையீடு எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கு நினைவூட்டலும் எழுதினேன். அப்போதுதான் அத்தியட்சகருக்கு விதி ஞாபகம் வந்தது. ஆய்வுகூடப் பதில் வராமல் எதையும் திருத்த ஏலாது என்றார்.

பதிலின் பிரதியைப் பொறுப்பாளர் இலிகிதரின் வீட்டுக்கே கொண்டுவந்து என் கையில் தந்தார். மனைவி படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தமா வாசியுங்கோ அண்ணை" என்றார். "றோட்டில போறவைக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். வெள்ளை வைன் ஒன்றில் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நச்சுச் சாராயம் கலந்திருக்கிறது. எவரும் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. அன்று இலிகிதரின் முதலாம் ஆண்டுத் திவசம்.