பெயர் இரண்டு, வரிசை ஒன்று

"…அதான் கேக்குறேன் தம்பி, வண்டி என்ன கொக்கா, ரோட்டுலேருந்து பறந்து போயி என் வயல்ல எறங்க?"

கேட்ட அக்கா வரப்பில் நின்றார். தா.பழூர் பக்கம், தை மாதக் காலை. அறுவடை மெஷின் ரோட்டோரம் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கும் அக்கா வயலுக்கும் நடுவே இன்னொருவருடைய நெல் அறுக்காமல் நின்றது. எங்கள் பக்கம் எல்லா வயலுக்கும் தனி வழி கிடையாது. ரோட்டோர வயலை அறுத்தால்தான் அந்தத் தாள்மேல் ஏறி மெஷின் உள்வயலுக்குப் போக முடியும். அதனால் இங்கே அறுப்பு முறை என்பது யார் முதலில் சொல்லி வைத்தார் என்பதல்ல, யார் வயல் யாருக்கு வழி என்பதுதான். வெளியூர் மெஷினை வரவழைத்து முறை போட்டுத் தரும் ஏஜெண்ட் நான். எனக்கே தெரியாத விஷயமா இது? அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் போனதும் அதனால்தான்.

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவருடைய நெல் போன மழையிலேயே பாதி சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை விழுந்தால் கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானாகக் கொஞ்சம் புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன். வயல்காரர்களின் பெயர்களை ஓர் அர்ரேயில், அதாவது ஒரு பட்டியலில், வரிசையாக நிறுத்தி அதற்கு 'முறை' என்று பெயர் வைத்தேன். பட்டனை அழுத்தினால் அவரவர் போனுக்கு அவரவர் முறை செய்தியாகப் போகும். நாலு பேர் பாராட்டினார்கள். அது போதாதா எனக்கு, டீக்கடைக்கு டீக்கடை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் மெஷின் டிரைவர் ஒரு யோசனை சொன்னார். ஆற்றங்கரைப் பக்கமிருந்து தொடங்கினால் டீசல் மிச்சமாகுமோ என்று. பார்த்துவிடலாமே என்று, 'சோதனை' என்று ஒரு புதுப் பெயர் வைத்து, அது 'முறை'க்குச் சமம் என்று ஒரு வரி எழுதினேன். சோதனையை, கடைசிப் பெயர் முதலில் வரும்படி, தலைகீழாகத் திருப்பினேன். ஆற்றங்கரையில் வண்டி இறங்க இடமில்லை என்று தெரிந்ததும், சோதனையை அழித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

ஜெராக்ஸ் எடுத்தோம், அதில் கிறுக்கினோம், கிழித்துப் போட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒற்றை எண்ணை வைத்துப் பழகியபோது அப்படித்தான் இருந்தது, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. அர்ரே விஷயத்தில் அது செல்லாது. சமம் என்று எழுதினால் அந்தப் புரோகிராம் மொழி எதையும் நகல் எடுப்பதில்லை. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் அதே வரிசைக்கு இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உள்ள பிள்ளையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மொட்டை போட்டாலும், மொட்டை விழுவது ஒரே தலையில்தானே. சோதனை திரும்பியபோது முறையும் திரும்பிவிட்டது. நான் அழித்தது பெயரை மட்டும். பெரிய வரிசைகளைச் சும்மா சும்மா நகல் எடுத்து இடத்தை அடைக்க வேண்டாம் என்று அந்த மொழியில் அப்படி வைத்திருக்கிறார்கள். தனி நகல் வேண்டுமானால் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

காலையில் எதையும் பார்க்காமல் பட்டனை அழுத்தினேன். கடைசி முறை என்று செய்தி கிடைத்த ரோட்டோர வயல்காரர் சாவகாசமாகப் பெரம்பலூருக்கு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிவிட்டார். முதல் முறை என்று செய்தி கிடைத்த அக்கா, டிராக்டர் டிப்பரும் தார்ப்பாயுமாக வந்து நின்றார்.

டவர் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன வாய் இன்னமும் கூசுகிறது. டிரைவர் வேறு பக்கம் பார்த்தார்.

"டவருக்கு என் வயலு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா தம்பி?" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. மனிதர்கள் பேச்சில் வந்து விழும் இந்த மாதிரி வார்த்தைகளுக்காகவே ஊர் ஊராக நின்று கதை கேட்பவன் நான். அன்றைக்கு அது என்மேல் விழுந்தது. பிறகு உள்ளதைச் சொன்னேன், அர்ரே, இரண்டு பெயர், எல்லாம். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

ரோட்டோர வயல்காரருக்கு அவரே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னிடம் நீட்டினார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

"ஏன்யா, காலையில கடைசின்னே, இப்ப மொதல்லங்குறே. எலையில ஒக்காந்துட்டேன். எந்திரிச்சு வரவா?"

அறுப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நெல்லை அள்ள வண்டியும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. கொட்டிக் கிடந்து நனைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். டிரைவரோ மத்தியானத்துக்குள் வரதராஜன்பேட்டை போயாக வேண்டும் என்றார்.

அக்கா போனை வாங்கிக்கொண்டார். "மாமா, நீங்க நல்லா சாப்புட்டு வாங்க. ஒங்க நெல்லு நனையாது," என்று சொல்லி வைத்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். தன் நெல்லுக்கென்று கொண்டுவந்த டிப்பரை ரோட்டோர வயல் பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெஷின் இறங்க வாகாக, அடுத்தவர் வயலின் மூலைக் கதிரை அரிவாளால் அறுக்க ஆரம்பித்தார்.